மனைக்கல் நடுவதற்கு முன்பே: சிறு நகரங்களின் வளர்ச்சியும் பசுமையும்

நாமக்கல்லிலிருந்து துறையூர் போகும் சாலையில் தூசூரைத் தாண்டினால் எருமப்பட்டி. வடக்கே கொல்லிமலை. சுற்றிலும் சின்ன வெங்காயமும் நிலக்கடலையும் மரவள்ளியும் விளையும் காடு தோட்டங்கள். அவற்றுக்கு நடுவே நீளநீளமாகக் கோழிப்பண்ணைக் கொட்டகைகள். பேரூராட்சி, ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம் என்றாலும் இந்த ஊரை நகரம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் நகரத்துக்கு உரிய கேள்வி இங்கே வந்துவிட்டது. பிள்ளையின் படிப்புக்கோ, கல்யாணத்துக்கோ, போர் போட்டுத் தண்ணீர் வராமல் ஏறிய கடனுக்கோ ஒருவர் தன் மேட்டுக்காட்டை விற்கிறார். வாங்கியவர் ஜேசிபி விட்டு வரப்பையும் வேலியோர வேம்பையும் சேர்த்துச் சமப்படுத்துகிறார். மஞ்சள் பூசிய கற்கள் வரிசையாக நடப்படுகின்றன. அடுத்த மாதம் சாலையோரம் விளம்பரப் பலகை நிற்கிறது: தார்ச்சாலை, குடிநீர் வசதி, வங்கிக் கடன் ஏற்பாடு. மரத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது.

நகரங்களில் பசுமைக்கும் பொருளாதார வளர்ச்சிக்கும் எப்படி இடம் பிரிப்பது என்ற விவாதம் நம்மிடையே பெரும்பாலும் சென்னை, பெங்களூரு அளவிலேயே நடக்கிறது. அங்கே அது காலம் கடந்த விவாதம். நிலமெல்லாம் கட்டடமான பிறகு, இழந்ததில் கொஞ்சத்தை எத்தனை கோடி கொடுத்து மீட்பது என்பதுதான் அங்கே பேச்சு. ஓர் ஊர் நகரமாக மாறத் தொடங்கும் முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகளிலேயே இந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது என்பது என் கருத்து. நிலம் ஏக்கர் விலையில் கைமாறும்போது பொதுவுக்கு ஒரு துண்டை ஒதுக்குவது எளிது. சதுர அடி விலைக்கு ஏறிவிட்டால் ஒதுக்கச் சொல்ல எந்த மன்றத்துக்கும் துணிவு வராது. எருமப்பட்டி, சேந்தமங்கலம், மோகனூர் போன்ற சிறு ஊர்கள் இப்போது அந்த முதல் கட்டத்தில் இருக்கின்றன. ஆகவே பெரிய நகரங்களின் அனுபவத்தை இந்தச் சிறிய ஊர்களின் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் வளர்ச்சியின் பக்கம். அதை ஏளனமாகப் பேசுவோரோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1997 ஜனவரி 1 அன்று சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டம், ஆற்றுப் பாசனம் எட்டாத மேட்டு நிலங்களிலிருந்து இரண்டு பெரும் தொழில்களை உருவாக்கியது. ஒன்று கோழிப்பண்ணை, தினமும் கோடிக்கணக்கான முட்டை இங்கிருந்து கேரளத்துக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பள்ளிச் சத்துணவுக்கும் போகிறது. மற்றொன்று லாரி, பாடி கட்டுவதில் தொடங்கி டேங்கர், டிரெய்லர் வரை. மழையை நம்பிக் கடலை போட்டுக் கடனாளியான குடும்பங்களை மேலே கொண்டுவந்தவை இவை. 2024இல் நாமக்கல் மாநகராட்சியானது. முதலைப்பட்டியில் புதிய பேருந்து நிலையமும் திறக்கப்பட்டது. இந்த வளர்ச்சி சாலை வழியாக எருமப்பட்டிப் பக்கமும் பரவத்தான் செய்யும். நிலத்தை விற்பவர் பேராசைக்காரர் அல்ல. பல சமயம் அவருக்கு வேறு வழி இருப்பதில்லை.

அதே வட்டாரத்தில் வளர்ச்சிக்கு எதிரான குரலும் கேட்கிறது. மோகனூர் வட்டத்தில் வளையப்பட்டி, என். புதுப்பட்டி, பரளி, அரூர் பகுதிகளில் சிப்காட் தொழிற்பேட்டை அமைக்கும் திட்டத்தை விவசாயிகள் பல ஆண்டுகளாக எதிர்த்துப் போராடி வருகிறார்கள். அவர்கள் வேலைவாய்ப்பை வேண்டாம் என்று சொல்லவில்லை. மழைநீர் ஓடிவரும் பள்ளங்களும் ஓடைகளும் மூடப்பட்டால் தங்கள் கிணறு என்னாகும் என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு முறையான பதில் தராத எந்தத் திட்டத்தையும் வளர்ச்சித் திட்டம் என்று ஏற்க முடியாது.

இந்தச் சமவெளியில் பசுமை என்றால் எது என்பதையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். புல்தரை, நீரூற்று, சிமெண்டு யானை வைத்த பூங்காவை நினைத்துக்கொண்டு பேசினால் பாதை தவறும். வறண்ட ஊரில் புல்தரைக்கு ஊற்றத் தண்ணீர் இல்லை. இங்கே பசுமையின் முதுகெலும்பு ஏரிகள். கொல்லிமலையில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி நிரப்பும் பழையபாளையம் ஏரி, தூசூர் ஏரி போன்றவை. அடுத்து அவற்றின் கரையில் நிற்கும் பனையும் வேம்பும். பிறகு மேய்ச்சல் புறம்போக்கு, களம், மந்தை, கோயில் நிலத்து மரங்கள். சாலையோரப் புளியமரங்கள் நிழலும் தந்து, ஏலத்தில் வருமானமும் தந்தவை. இவற்றில் எதையும் நகரமைப்பு வரைபடம் பூங்கா என்று பச்சை நிறத்தில் காட்டாது. அதனாலேயே இவை முதலில் பறிபோகின்றன. பொதுநிலங்களைத் தனியாருக்கு விட்டுக்கொடுப்பதை உச்ச நீதிமன்றம் 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் கடுமையாகக் கண்டித்தது. ஆக்கிரமிப்பை அகற்றி ஊருக்கே மீட்டுத்தர மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் ஏரிகளுக்கென்று 2007ஆம் ஆண்டின் ஏரிப் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமும் இருக்கிறது. சட்டத்துக்குப் பஞ்சமில்லை.

இனிப் பசுமைக்கும் வருமானத்துக்கும் உள்ள தொடர்பு. பொதுவாக இதைச் சுத்தமான காற்று, மன அமைதி என்று மேலோட்டமாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். நாமக்கல்லில் அதை முட்டைக் கணக்கிலேயே பார்க்கலாம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடல் சூட்டை வெளியேற்ற வாயைத் திறந்து இரைக்கும். அப்படி இரைக்கும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி ரத்தத்தின் காரத்தன்மை மாறுகிறது. முட்டை ஓடு மெலிகிறது. தீவனம் எடுப்பது குறைகிறது, முட்டை எடை இறங்குகிறது, வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்களில் சாவும் விழுகிறது. பண்ணைக்காரர் கூரைமேல் தண்ணீர் தெளிக்கிறார், புகைபோல நீர் பீய்ச்சும் ஃபாகர் மாட்டுகிறார், குடிநீரில் வைட்டமின் கலக்கிறார். எல்லாமே செலவு, அதிலும் தண்ணீர்ச் செலவு. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வெளியிடும் வானிலை அறிக்கையில் பண்ணையாளருக்கு அறிவுரையும் சேர்ந்தே வரும். வெப்பம் இங்கே நேரடியாக லாப நட்டக் கணக்கில் ஏறுகிறது.

ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். கொட்டகையை ஒட்டி அடர்ந்த மரம் இருந்தால் காட்டுப் பறவைகள் கூடும். அவற்றால் நோய் பரவும் என்று பண்ணையாளர்கள் அஞ்சுகிறார்கள். அச்சம் நியாயமானது. ஆகவே பண்ணைக்குள் காடு வளர்க்கச் சொல்வதில் பொருளில்லை. வட்டாரத்தின் வெப்பத்தையே தணிக்கும் ஏரி நீர்ப்பரப்பு, ஓடைக்கரை மரங்கள், சாலையோர நிழல் ஆகியவைதான் தேவை. ஒருவர் தன் வேலிக்குள் செய்துகொள்ள முடியாத, ஊர் சேர்ந்தே செய்ய வேண்டிய காரியம் இது.

கோழிக்குச் சொன்னது மனிதருக்கும் பொருந்தும். தகரக் கொட்டகைக்குள் வெல்டிங் வைக்கும் லாரிப் பட்டறைத் தொழிலாளி, வெங்காயம் பிடுங்கிப் பட்டறை போடும் பெண்கள், முட்டை ஏற்றும் சுமைக்காரர்கள் ஆகியோர்தான் இந்த வட்டாரத்தின் பொருளாதாரம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019இல் வெளியிட்ட அறிக்கை, வெப்பத்தால் 2030இல் இந்தியா தன் வேலை நேரத்தில் 5.8 விழுக்காட்டை, அதாவது 3.4 கோடி முழுநேர வேலைகளுக்கு ஈடானதை, இழக்கும் என்று மதிப்பிட்டது. 2024 கோடையில் சேலம், ஈரோடு, கரூர் பரமத்தி பெயர்கள் நாள்தோறும் வெப்பப் பட்டியலில் வந்தன. அந்த ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. மரத்தை வெட்டி மிச்சப்படுத்தும் நிலத்தின் மதிப்பை மட்டும் எழுதி, மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் நின்றுபோகும் வேலையின் மதிப்பை எழுதாமல் விடுவது அரைக்கணக்கு.

பெரிய நகரங்கள் என்ன செய்தன? சென்னை தியாகராய நகர் ஒரு நல்ல பாடம். நல்லதும் கெட்டதும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. 1920களில் மாம்பலம் பக்கத்து நெடிய ஏரியைத் தூர்த்து உருவாக்கப்பட்ட குடியிருப்பு அது. ஏரி போனது பேரிழப்பு. ஆனால் வரைபடம் போட்டவர்கள் நடுவில் பனகல் பூங்காவை வைத்து, சாலைகளை அதிலிருந்து பிரித்தார்கள். அந்தப் பூங்காவைச் சுற்றித்தான் நாட்டின் மிகப் பெரிய சில்லறை வணிகத் தெருக்களில் ஒன்று வளர்ந்தது. பூங்காவால் வியாபாரம் படுத்துவிடவில்லை. இன்றைய விலையில் அங்கே அப்படி ஓர் இடத்தை எந்த அரசாலும் வாங்க முடியாது. மெட்ரோ ரயில் வேலைக்குச் செனாய் நகர் திரு.வி.க. பூங்காவின் மரங்கள் வெட்டப்பட்டு, அது பத்தாண்டுக்கு மேல் மூடிக்கிடந்தது; பிறகு பனகல் பூங்காவுக்கும் அதே மெட்ரோ வேலை வந்தது. பொதுநிலம் சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அரசுத் துறைகளுக்கே உண்டு என்பதை இது காட்டுகிறது.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பாதிக்கு மேல் குப்பைக்கும் கட்டடங்களுக்கும் சாலைக்கும் போன பிறகு, எஞ்சிய சுமார் 1,248 ஹெக்டேருக்கு 2022இல் ராம்சார் என்னும் பன்னாட்டு ஈரநிலத் தகுதி கிடைத்தது. கிண்டியில் 1946 முதல் ஆண்டுக்கு 614 ரூபாய் சொச்சம் குத்தகைக்கு விடப்பட்டிருந்த 160 ஏக்கர் குதிரைப் பந்தயத் திடலை 2024இல் அரசு திரும்ப எடுத்து, 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா அறிவித்தது. வழக்குகளும் கூடவே வந்தன. மீட்பு முயற்சிகளை நான் வரவேற்கிறேன். ஆனால் ஒவ்வொன்றும் முதலிலேயே பாதுகாத்திருந்தால் தேவைப்படாத உழைப்பு.

சேலத்தின் கதை நமக்கு இன்னும் அருகில் இருக்கிறது. சேர்வராயன் மலையில் தோன்றி நகரின் நடுவே ஓடும் திருமணிமுத்தாறு, சாக்கடையும் சாயக்கழிவும் சுமந்து நாமக்கல் மாவட்டத்துக்குள் வந்து காவிரியில் கலக்கிறது. நகரம் வளர்ந்த செலவைக் கீழே இருக்கும் விவசாயி தன் கிணற்றில் கட்டுகிறார். இன்னொரு பக்கம், சேலத்தை ஒட்டிய கன்னங்குறிச்சிப் பேரூராட்சியில் 58 ஏக்கர் மூக்கனேரி. குப்பையும் கழிவும் சேர்ந்து கெட்டுக்கிடந்த அந்த ஏரியை 2010இல் பியூஷ் மானுஷ் முன்னின்ற சேலம் மக்கள் குழு கையில் எடுத்தது. தூர்வாரிய மண்ணை லாரியில் ஏற்றி வெளியே கொண்டுபோகாமல், ஏரிக்குள்ளேயே நாற்பதுக்கும் மேற்பட்ட திட்டுகளாகக் குவித்து மரக்கன்று நட்டார்கள். இரண்டு பயன்: மண் அகற்றும் செலவு குறைந்தது, பறவைகளுக்கு மனிதர் தொந்தரவு இல்லாத இடம் கிடைத்தது. கன்னங்குறிச்சியும் எருமப்பட்டியைப் போல ஒரு பேரூராட்சிதான் என்பதால் இந்த எடுத்துக்காட்டைச் சென்னை உதாரணங்களைவிட முக்கியமாகக் கருதுகிறேன். வட்டார ஏரி ஒன்றை மீட்கப் பெருநகரத்தின் பணம் வேண்டியதில்லை. அனுமதி தரும் நிர்வாகமும் விடாமல் வேலை செய்யும் குழுவும் வேண்டும்.

அதே சேலத்திலிருந்து சென்னைக்கு 2018இல் அறிவித்த 277 கிலோமீட்டர் எட்டு வழிச்சாலை, வயல்களையும் காட்டையும் ஊடறுத்துச் செல்ல இருந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்தது, 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவிக்கையை ஏற்றது, சாலை வரவில்லை. மக்களைக் கேட்காமல் தொடங்கும் திட்டம் பசுமைக்கும் உதவாது, வேகத்துக்கும் உதவாது.

சிங்கப்பூரைப் பற்றிப் பேசாமல் இந்த விவாதம் முடியாது. தமிழர் நன்கு அறிந்த நகரம். 1963இல் லீ குவான் யூ மரம் நட்டுத் தொடங்கிவைத்த இயக்கம், முதலீட்டாளர்களை ஈர்க்கும் பொருளாதாரக் கொள்கையாகவே நடந்தது. 2012இல் பீஷான் பூங்காவில், காலாங் ஆற்றின் கான்கிரீட் கால்வாயை உடைத்து வளைந்தோடும் ஆறாக மாற்றினார்கள். வெள்ளத்தையும் தாங்கும், மக்களும் இறங்கி நடக்கலாம். ஆனால் அங்கே நிலத்தில் பெரும்பகுதி அரசின் கையில். பட்டா நிலமே மிகுந்த நம் ஊரில் அதை அப்படியே நகலெடுக்க இயலாது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: அவர்கள் மரத்தை அலங்காரச் செலவில் எழுதவில்லை, சாலை, கால்வாய் போல அடிப்படை வசதிக் கணக்கில் எழுதினார்கள்.

பசுமையின் பெயரால் நடக்கும் அநீதியையும் மறைக்கக் கூடாது. நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவுக்காக 1857இல் செனக்கா கிராமத்தில் சொந்த வீடு கட்டி வாழ்ந்த கறுப்பின மக்கள் வெளியேற்றப்பட்டார்கள்; பூங்காவைச் சுற்றி நில விலை ஏறிப் பணக்காரர் குடியேறினர். கூவம், அடையாறு கரைகளிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் வேலையிடத்திலிருந்து தொலைவான கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. எருமப்பட்டி போன்ற ஊரில் புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவர் நிலமற்றவர். ஏரிப் பாசன வாய்க்காலை அடைத்து மதில் கட்டியவரோ வசதியுள்ளவர். அகற்றும் இயந்திரம் முதலில் யாரிடம் போகிறது என்பதைப் பார்த்தே அந்த நடவடிக்கையின் நேர்மையை அளக்க வேண்டும்.

இப்போது மனைப்பிரிவுக்கு வருவோம்; சிறு ஊரின் பசுமை உண்மையில் தீர்மானமாகும் இடம் அதுதான். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் போக எஞ்சிய நிலத்தில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். பத்து ஏக்கர் மனைப்பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். சாலைக்கு மூன்று ஏக்கர் போனால் எஞ்சுவது ஏழு ஏக்கர். அதில் எழுபது சென்ட் பூங்காவுக்கு. 1,200 சதுர அடி மனையாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 250 மனைகளில் 25. மனை போடுபவருக்கு இது சுமைதான், ஆனால் தாங்க முடியாத சுமை அல்ல. மற்ற மனைகளின் விலையில் அதை அவர் ஈட்டிக்கொள்கிறார்.

ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. 3,000 சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் 74 சென்டுக்குள் பிரித்தால் ஒதுக்கவே வேண்டாம். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலத்துக்குப் பதில் பணம் கட்டிவிடலாம். சிறு ஊர்களில் நிலம் கைமாறுவதே ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் துண்டுகளாகத்தான். ஒருவர் பின் ஒருவராகப் பிரித்துக்கொண்டே போனால் ஐம்பது ஏக்கர் குடியிருப்பு உருவான பின்னும் அதில் ஒரு சென்ட் பொதுவெளி இருக்காது; எல்லாம் விதிப்படியே நடந்திருக்கும். 2016இல் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்கு உயர் நீதிமன்றம் தடை விதித்த பிறகு, 2017இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. அதிலும் பூங்கா இடத்துக்கு ஈடாகப் பணம் வாங்கும் வழிதான். பணம் கணக்கில் சேர்ந்துவிடும்; குழந்தை விளையாட நிலம் சேராது.

ஒதுக்கிய இடத்தின் கதியும் நமக்குத் தெரிந்ததே. நான்கு பக்கம் கல் மட்டும் இருக்கும். முதலில் சீமைக் கருவேலம். பிறகு வீடு கட்டுபவர்களின் மிச்சக் கல், மண். அப்புறம் மேல்நிலைத் தொட்டி, ரேஷன் கடை, அங்கன்வாடி. இவையெல்லாம் தேவையானவைதான், அதனால்தான் யாரும் எதிர்க்க மாட்டார்கள். ஆனால் பூங்காவென்று ஒதுக்கியதை வேறு எதற்கும் மாற்றக் கூடாது என்று 1991இல் பெங்களூரு மருத்துவ அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, அங்கே வரவிருந்ததும் ஒரு மருத்துவமனைதான். தமிழ்நாட்டில் பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளிகளைக் காக்க 1959ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது.

பராமரிக்கப் பணம் எங்கே என்று பேரூராட்சி கேட்கும். கேள்வி நியாயம். ஊரக வேலை உறுதித் திட்டம் ஊராட்சிகளுக்கே. பேரூராட்சி எல்லைக்குள் அது நுழையாது. நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் 2022இல் 100 கோடி ரூபாயில் சோதனை முறையில் தொடங்கப்பட்டபோது மாவட்டத்துக்கு ஒரு பேரூராட்சி என்ற அளவிலேயே இருந்தது. அதை எல்லாப் பேரூராட்சிக்கும் விரிப்பதே சரியான வழி. திருப்பூர் இன்னொரு வழி காட்டுகிறது. சாயக்கழிவால் நொய்யலைக் கெடுத்த பழி சுமந்த அந்தப் பின்னலாடை நகரில், 2015இல் வெற்றி அமைப்பு தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ இயக்கம் பத்து லட்சம் கன்றுகளைக் கடந்துவிட்டது. தொழிலதிபர்கள் பணம் தருகிறார்கள்; விவசாயிகளும் நிறுவனங்களும் இடம் தருகிறார்கள்; நட்டு, வேலி போட்டு, லாரியில் தண்ணீர் ஊற்றி, பராமரிக்கவும் ஆள் இருக்கிறது. கன்று நடும் விழாக்கள் எல்லா ஊரிலும் நடக்கின்றன. இரண்டு கோடை தண்ணீர் ஊற்றுகிற ஏற்பாடு உள்ள ஊர்கள் சிலவே. முட்டையிலும் லாரியிலும் சம்பாதித்த நாமக்கல் தொழில்துறைக்கு இது எட்டாத வேலை அல்ல.

என் தீர்ப்பு இதுதான். எருமப்பட்டி அளவிலான ஊர்களில் பசுமையும் வளர்ச்சியும் ஒன்றையொன்று தின்ன வேண்டிய கட்டாயம் இன்னும் வரவில்லை. மூன்று காரியங்களை இப்போதே செய்துவிட்டால் போதும். ஏரி, ஓடை, வாய்க்கால் எல்லைகளை அளந்து கல் நட வேண்டும். மனைக்கல்லுக்கு முன்பே அந்தக் கல் நடப்பட வேண்டும். சிறுசிறு மனைப்பிரிவுகளிலிருந்து வாங்கும் ஈட்டுப்பணத்தை அதே ஊரில் நிலம் வாங்க மட்டுமே செலவிட வேண்டும் என்று அரசு விதி கொண்டுவர வேண்டும். சாலை விரிவாக்கத்தில் புளியமரம் போனால், மாற்று மரங்கள் அதே சாலையில் வளர்ந்து நிற்கின்றனவா என்று மாவட்டப் பசுமைக் குழு மூன்றாண்டு கழித்து வந்து பார்க்க வேண்டும்.

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த முறை எருமப்பட்டியிலோ உங்கள் ஊரிலோ மனை பார்க்கப் போகும்போது வில்லங்கச் சான்றோடு மனைப்பிரிவின் அங்கீகார வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். பூங்கா என்று குறித்த இடத்துக்கு நடந்து போய்ப் பாருங்கள். அது பேரூராட்சிக்குத் தானப் பத்திரமாகப் பதிவாகியிருக்கிறதா என்று அலுவலகத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப் போடுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள்.